மகேஷ்குமார் அண்ணனின் சிலேட்டு

மகேஷ்குமார் அண்ணன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிற்பாடு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருசம் அவரிடம் வேலை பார்த்தவள் இப்படிப் பேசலாமா என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். எனக்கு மட்டும் சுளிக்கத் தெரியாதா என்ன? கொஞ்ச நாளாகவே என் முகம் சுளித்த மேனிக்குத்தான் இருக்கிறது.

தக்கலையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில் அண்ணனின் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது, ஆல்பம் டிசைன் செய்வது இரண்டும் என் வேலை. முகூர்த்த நாட்களில் மணப்பெண்ணின் அறைக்குள் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் கேமராவும் தூக்குவேன். என் பெயர் ரீத்தா. என் அப்பா நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கும் முன்பே பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து நின்றவர் அண்ணன். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு எரிச்சலும் வருகிறது. வேறு எவனோ செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அவருக்கு ஒரு திறமை உண்டு. எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியையும் கேமரா முன்னால் சிரிக்க வைத்துவிடுவார். சீர் போதவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் மாமியார்கள்கூட அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் பல்லைக் காட்டிவிடுவார்கள். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ராஜாவைப் போல் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் புதுசு என்றொரு வியாதி. மார்த்தாண்டத்தில் ஒருத்தன் புதிதாக ஏதோ வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. புகை விடுகிற மிஷின் வாங்கினார். மேடை முழுக்கப் புகை மூடி, மாப்பிள்ளையின் பெரியப்பா இருமி இருமி, தீப்பிடித்துவிட்டது என்று பந்தியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பிறகு டிரோன் வந்தது. சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் அது போய்த் தென்னை மண்டையில் உட்கார்ந்துகொண்டது. தாலி கட்டுகிற நேரத்தில் சனமெல்லாம் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நான் சிரித்துத்தான் சகித்தேன்.

டேப்லெட்டைத்தான் சகிக்க முடியவில்லை.

அதற்கு முன்பு பல வாரம் யூடியூபில் அதைப் பற்றிய வீடியோக்களாகவே பார்த்துக்கொண்டிருந்தார். முடியைச் சிலுப்பிக்கொண்டு பையன்கள் பேசுவார்கள். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு, இனி கலைஞனுக்கு இந்த ஒரு கண்ணாடிப் பலகை போதும், கடற்கரையில் உட்கார்ந்தே சினிமா எடிட் பண்ணலாம் என்று. பேசுகிறவனுக்குப் பின்னால் மேசையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அண்ணே, அந்தப் பயலே இந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில்தான் வெட்டியிருக்கிறான், பின்னால் பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

எங்கள் ஊர் சர்ச் திருவிழாவுக்கு நான் லீவு போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் என் மேசை காலி. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் தூசு மட்டும் சதுரமாகக் கிடந்தது. குலசேகரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அவருடைய மச்சினன் பிரதீஷுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். ஹார்ட் டிஸ்க்குகளும் அதோடு போய்விட்டன. மேசையில் ஒரு கறுப்புப் பலகை. எனக்கு ஒன்றாம் வகுப்பு சிலேட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து என் வாயில் அதற்குச் சிலேட்டு என்றுதான் பெயர்.

"ரீத்தா, இனி எல்லாம் இதுலதான். கம்ப்யூட்டருக்க காலம் கழிஞ்சாச்சு, கேட்டியா?" என்றார் அண்ணன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இல்லாத குற்றத்தைச் சொல்ல மாட்டேன். அந்தச் சிலேட்டில் வரைவதற்கு நல்ல வசதி. பேனாவை வைத்துத் திருமண அழைப்பிதழ் ஓரத்துக்கு ஒரு கொடி போட்டேன். மவுசைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காய் மல்லுக்கட்டுகிற வேலை, கோலம் போடுவதுபோல் கையோடு போய் முடிந்தது. கல்யாணக்காரர் வீட்டுக்கே கொண்டுபோய் ஆல்பம் மாதிரி காட்டலாம், அவர்கள் சொல்கிற திருத்தத்தை அங்கேயே போடலாம். படம் வரைகிறவனுக்கு, பாட்டு மெட்டைக் குறித்துக்கொள்கிறவனுக்கு அது போதும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஒரு கல்யாணம் அப்படி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி மறுவீடு வரைக்கும் மூன்று கேமராவில் எடுத்துக் குவித்தது அத்தனையும் அதற்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சிலேட்டு இடமில்லை என்று சொல்லும். எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்று காட்டாது. பாதி வேலையில் சூடேறி, இட்லித் தட்டு மாதிரி கையைச் சுடும். நாம் தொட்டால் ஒன்று நகரும், உள்ளங்கை பட்டால் இன்னொன்று நகரும். எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பு, அண்ணனின் விரல். கீழே டீக்கடையில் எண்ணெய் சொட்டுகிற பழம்பொரி தின்றுவிட்டு வந்து, விரலை வேட்டியில் ஒரு தடவு தடவிவிட்டு, அப்படியே மணப்பெண்ணின் முகத்தின் மேல் இழுப்பார். கண்ணாடி முழுக்க எண்ணெய். நான் துடைப்பேன், அவர் மறுபடி இழுப்பார். சீ, அந்தக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

அப்படியிருக்கும்போதுதான் நந்தனாவின் கல்யாணம் வந்தது.

பூதப்பாண்டிக்குப் பக்கம் வயற்கார வெள்ளாளர் குடும்பம். அப்பா ஆறுமுகப்பெருமாள், விவசாயமும் கூட்டுறவு வங்கி வேலையுமாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தாணம்மாள். நந்தனா ஒரே பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. மணப்பெண் அறையில் நான் கேமராவோடு நின்றபோது பெண்டுகள் பேசிக்கொண்டதில் இருந்துதான் எனக்கு விசயம் தெரிந்தது. தாணம்மாளுக்குத் தொண்டையில் கட்டி. நல்ல கட்டி இல்லை. உடனே ஆப்பரேசன் செய்ய வேண்டும், குரல்வளையையே எடுக்க வேண்டிவரும், பிறகு பேச்சு வராது என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை கழுத்தில் தாலி ஏறட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அந்த அம்மா. டாக்டர் திட்டியிருக்கிறார். மனுசி அசையவில்லை.

ஏன் என்றால் குரவை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது பெண்கள் நாக்கை அடித்துக் குரவையிடுவார்கள் என்பது தெரிந்ததுதான். அந்த ஊரில் குரவையை எடுத்துக் கொடுப்பவர் தாணம்மாள். அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், கோயில் கொடை விழா என்றாலும், தாணம்மாள் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மேளக்காரரைக் கெட்டிமேளத்துக்குத் தயார் செய்வார்களாம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இட்டேன், என் பிள்ளைக்கு இடாமல் தொண்டையைக் கொடுப்பேனா என்று கேட்டாராம்.

நான் அன்று அவருக்கு நேர் எதிரே நின்றேன். தாலி முடிச்சு விழுந்தது. அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நாதஸ்வரத்துக்கு மேலே ஏறி நின்றது. மற்றப் பெண்கள் சேர்ந்த பிறகும் அவருடையது தனியாகக் கேட்டது. முடிவில் மட்டும் கொஞ்சம் கரகரத்து உடைந்தது. என் கைக் கேமரா ஆடிவிட்டது. நான் எத்தனையோ கல்யாணம் பார்த்தவள், எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரி. ஆப்பரேசன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. தாணம்மாள் வீட்டுக்குத் திரும்பியதும், அம்மாவோடு சேர்ந்துதான் கல்யாண வீடியோவைப் பார்ப்பேன் என்று நந்தனா பெங்களூரிலிருந்து வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அண்ணனும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனோம். வீடியோவை முடித்தது அண்ணன். எனக்கு அப்போது வேறு இரண்டு ஆல்பம் தலைமேல் இருந்தது. சிலேட்டில் எல்லாம் தானாக நடக்கும், நீ பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டிவியில் இணைத்து ஓடவிட்டார். தாணம்மாள் நல்ல புடவை கட்டி, டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு, காப்புக் கட்டு எல்லாம் போயின. தாலி எடுத்துக் கொடுத்தார்கள். தாணம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முடிச்சு விழுந்தது. ஒரு புல்லாங்குழல் கேட்டது. எவனோ எங்கேயோ வாசித்து எல்லாருக்கும் விற்கிற புல்லாங்குழல். திரையில் தாணம்மாள் வாயைத் திறந்து நாக்கை அடிக்கிறார். சத்தமே இல்லை. சுற்றிலும் நின்ற பெண்கள் எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள். ஒரு முனகல்கூட இல்லை. புல்லாங்குழல் மட்டும் குழைந்துகொண்டே போகிறது.

நந்தனா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இது சும்மா பார்வைக்குக் கொண்டுவந்தது, சத்தம் எல்லாம் இனிமேல்தான் சேர்க்க வேண்டும், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று ஒரு வழிசல் சிரிப்போடு சொன்னார் அண்ணன். தாணம்மாள் எங்களுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லி மகளுக்குக் கையைக் காட்டினார். அந்தக் காப்பி எனக்கு இறங்கவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். சிலேட்டில் இரைச்சலை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறதாம். அழுத்தினால் மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துடைத்துவிடுமாம். மண்டபத்து மின்விசிறி சத்தம், பாத்திரம் உருட்டுகிற சத்தம் எல்லாம் போய்ச் சுத்தமாகிவிட்டது, மேலே ஒரு புல்லாங்குழலையும் போட்டாயிற்று என்று அவருக்கு ஒரே குஷி. குரவையும் அதற்கு இரைச்சல்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை ஓடவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரி, மூலப் படம் எங்கே என்றேன்.  கம்ப்யூட்டர் இருந்த காலத்தில், மண்டபத்திலிருந்து வந்ததும் நான் செய்கிற முதல் வேலை எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் போட்டு வைப்பது. அதன் பிறகுதான் முகம் கழுவுவேன். இப்போது டிஸ்கும் இல்லை, போட்டு வைக்கப் பெட்டியும் இல்லை. சிலேட்டு இடமில்லை என்று சொல்ல, வீடியோதான் முடிந்துவிட்டதே என்று மூலத்தை அழித்திருக்கிறார். கேமராவில் இருந்த கார்டுகளையும் குளச்சலில் அடுத்து வந்த ஒரு கல்யாணத்துக்காகத் துடைத்தாயிற்று. எல்லாம் கிளவுடு என்கிறார்களே, அந்த ஆகாசத்தில் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நினைத்தாராம். அங்கேயும் இடம் நிறைந்து வெகு நாள் ஆகியிருந்தது.

அந்த அம்மாவுக்கு இனி பேச்சே கிடையாது, அந்த ஒரு சத்தம்தான் மிச்சம் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்று ஸ்டீரிங்கைப் பார்த்துச் சொன்னார். 

மறுநாள் மெதுவாக வந்து, யூடியூபில் குரவைச் சத்தம் நிறையக் கிடக்கிறது, நல்லதாக ஒன்றை எடுத்துச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அப்படி ஒன்றைச் செய்தால் நான் அந்த மாடிப்படி ஏற மாட்டேன் என்று சொன்னேன். சரி சரி என்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். அழித்ததை மீட்கிற வித்தை தெரிந்த ஒருவனை மார்த்தாண்டத்தில் பிடித்துவிட்டாராம், கார்டிலிருந்து சத்தத்தை எடுத்துவிட்டானாம். நான் நம்பினேன். நம்பி, கர்த்தருக்கு ஸ்தோத்திரமும் சொன்னேன். என் புத்தியை என்ன சொல்ல!

மறுபடி அதே வீடு, அதே டிவி, அதே நாற்காலி. தாலி முடிச்சு விழுந்தது. குரவை எழுந்தது. நந்தனா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஆறுமுகப்பெருமாள் துண்டை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கொண்டார். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குரவைக்கு அடியில் செண்டை அடிக்கிறது. ஒரு கோயில் மணி கேட்கிறது. கேரளத்தில் ஏதோ ஒரு திருவிழாவில் எடுத்தது. பூதப்பாண்டிக் கல்யாண மண்டபத்தில் செண்டை எங்கிருந்து வந்தது? திரையில் தாணம்மாளின் வாய் மூடிவிட்டது. சத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

தாணம்மாள் தன் கழுத்துத் துணியில் கையை வைத்து, பிறகு டிவியைக் காட்டி, இல்லை என்று விரலை ஆட்டினார். மறுபடியும் கழுத்து, டிவி, விரல். இனி குரல் இல்லையே என்று அம்மா சொல்கிறாள் என நினைத்து நந்தனா இன்னும் பலமாக அழுதாள். அந்த மனுசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அது நான் இல்லை என்று சொல்கிறார், சொந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அண்ணன் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தானும் கண்ணைத் துடைக்கிறார். தூ! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அண்ணன் என்று நினைக்கவே நாக்குக் கூசியது.

"அது அம்மாவுக்க குரவ இல்ல, நந்தனா. யாரோ எவளோ இட்டது. உள்ளத அண்ணன் அழிச்சிட்டாரு."

 அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஆறுமுகப்பெருமாள் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவளுக்க தொண்டைய ஆஸ்பத்திரில எடுத்தாச்சு. மிச்சம் கெடந்த சத்தத்த நீ எடுத்துட்டியே டே."

நந்தனா பேயறைந்தவளைப் போல் போனை எடுத்துச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கல்யாணத்தில் எல்லார் கையிலும்தான் போன் இருந்ததே. ஒருத்தி அனுப்பியதில் மேளம் மட்டும் கேட்டது. இன்னொருத்தி படம் பிடித்தபடியே தானும் குரவையிட்டிருக்கிறாள், அவள் சத்தம்தான் காதைக் கிழித்தது. மற்றொருவன் ஸ்டேட்டஸில் போடுவதற்காகச் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டு உள்ளதை அழித்திருந்தான். எல்லாரும் அண்ணனின் சொந்தக்காரர்களாக இருப்பார்கள் போல.

அப்போதுதான் தாணம்மாள் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிப் பை ஒன்றைக் கொண்டுவந்து அதிலிருந்து தன்னுடைய பழைய போனை எடுத்து என் கையில் வைத்தார். ஆப்பரேசனுக்குப் பிறகு அதற்கு யாரும் சார்ஜ் போடவில்லை. பேச முடியாதவளுக்குப் போன் எதற்கு என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். தாணம்மாள் சைகையில் சொன்னார். போனைத் தூக்கி மகளைப் படம் எடுக்கப் பார்த்ததை, கட்டைவிரலால் எதையோ அழுத்தியதை, குரவையிட நேரமாகிவிட்டது என்று போனை அப்படியே மடியில் போட்டதை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோ எடுப்பதாக நினைத்து வீடியோவை அழுத்திவிட்டுப் போனை மடியில் போடுகிற அம்மாக்களை நான் எத்தனை கல்யாணத்தில் திட்டியிருப்பேன்!

போனுக்கு உயிர் வரவில்லை. பேட்டரி ஊதி, பின்மூடி புடைத்திருந்தது. அதற்குள் ஒரு மெமரி கார்டு இருந்தது. அண்ணன் அதை வாங்கிச் சிலேட்டை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கார்டைச் சொருக அதில் ஒரு ஓட்டை இல்லை. எல்லாம் முடியும் என்ற பலகை!

காரை நேரே குலசேகரத்துக்கு விடச் சொன்னேன். பிரதீஷின் பிரவுசிங் சென்டரில், ரப்பர் ஷீட் வாடை அடிக்கிற சந்துக்குள், எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பெண் ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை நின்றேன். உட்கார்ந்து கார்டைப் போட்டேன்.  பாதி கட்டைவிரல் மறைத்த படங்கள், தரை, கூரை, மறுபடி கட்டைவிரல். கடைசியில் ஒரு வீடியோ. படத்தில் ஒன்றுமில்லை, அரக்குநிறப் பட்டுப்புடவை மட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். புடவை சரசரத்தது. யாரோ செருமினார்கள். பிறகு காதுக்குள்ளேயே எழுந்தது அந்தக் குரவை. முடிவில் அதே கரகரப்பு, அதே உடைசல். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து அதைக் கல்யாண வீடியோவில் சேர்த்தேன். திரையில் தாணம்மாளின் நாக்கைப் பெரிதாக்கி, ஒவ்வொரு படமாக நகர்த்தி, நாக்கு எழும்புகிற இடத்தில் சத்தத்தை வைத்தேன். பெரிய திரை வேண்டியிருந்தது, காதுக்கு ஹெட்போன் வேண்டியிருந்தது, படத்தின் மேல் விரல் படாமல் இருக்க வேண்டியிருந்தது. சிலேட்டிலும் இதைச் செய்யலாம் என்று முடியைச் சிலுப்பிக்கொண்டு ஒருத்தன் வந்து காட்டுவான். காட்டட்டும். ஆனால் அது பொத்தானை நீட்டும், இவர்கள் அழுத்துவார்கள். அண்ணன் என் பின்னால் நின்று, அந்தப் புடவைச் சரசரப்பை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். போய் டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார்.

மூன்றாவது தடவையும் அண்ணன் வந்தார். வர வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. சிலேட்டை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று கேட்கவும் இல்லை. அது அவர் கையோடு ஒட்டிப்போயிற்று. பென் டிரைவை நானே டிவியில் சொருகினேன். ஆறுமுகப்பெருமாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

முடிச்சு விழுந்தது. சரசரப்பு. செருமல். குரவை வீடு முழுக்க நிறைந்தது.

நாற்காலியில் இருந்த தாணம்மாள் வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது. திரையில் அசைகிற நாக்கோடு சரியாக, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டிவியிலிருந்து சத்தம் வருகிறது, இவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் மூச்சுக்கு எழும்பி எழும்பி அடங்குகிறது. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர், இப்போது அதே குரவையைத் தானே எடுத்துத் தானே சேர்ந்து இடுகிறார். நந்தனா அழவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. திரும்பினேன். அண்ணன் இரண்டு கையாலும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து, தாணம்மாளின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. அழுதபடியே, விரலால் முகத்தைப் பெரிதாக்குகிறார்.

 அவரை அடித்தால்கூட அது அவருக்கு உறைக்காது என்று அப்போது புரிந்தது. உள்ளங்கையை அந்தக் கண்ணாடியின் மேல் வைத்து அழுத்தினேன். பிசுபிசுவென்று எண்ணெய்.

"அண்ணே, கீழ வைங்க," என்றேன்.

வைத்தார். குரவை முடிந்தது. தாணம்மாள் வாயை மூடி, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்து விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு தடவை போட்டேன்.